ஜட்கா சாயவில்லை

ரயிலடியில் உமாபதி ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகும் வண்டி நகரவில்லை. சிட்டிபாபு குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே, "ஏறுங்க மொதலியாரே, குதிரை எம்மாம் நேரம் நிக்கும்?" என்றார்.

"ஏறி உக்காந்தாச்சுபா" என்றார் உமாபதி.

சிட்டிபாபு திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக உமாபதி படியில் கால் வைத்தால் வண்டி பின்னால் சாயும், ஏர்க்கால் இரண்டும் மேலே தூக்கும், குதிரை கழுத்தை உதறும். சிட்டிபாபு ஓடிவந்து ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஜட்கா பத்தாது, தேர் கட்டணும்" என்பார். இன்று வண்டி அசையக்கூட இல்லை. அவர் உமாபதியின் முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்து வழிந்து தொங்கும் சட்டையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்சாதி தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் வீடு வரும்வரை சிட்டிபாபு கேலி ஒன்றும் பேசவில்லை. மேடுபள்ளம் பார்த்து மெல்ல ஓட்டினார். கேலி பேசாததுதான் உமாபதிக்கு உறைத்தது.

அவருடைய பழைய உடம்பு சோம்பலில் வந்ததல்ல. வயிற்றில் புண். பசித்தால் நெஞ்சுக்குக் கீழே தணல் வைத்தது போல் எரியும். எதையாவது போட்டால் அடங்கும். தறியில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பொரியும் பொட்டுக்கடலையும் இருக்கும். எரிச்சலுக்குப் போட்ட தீனியெல்லாம் சதையாகி உட்கார்ந்தது. கல்யாணப் பந்தியில் அவர் இலைக்குப் பக்கத்தில் பரிமாறுகிறவன் நின்றே இருக்க வேண்டும் என்று தெருவே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆவணியில் ஒரு காலை, தறிக்குழியில் கால் வைத்தபடியே ரத்தமாக வாந்தி எடுத்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் புருஷன் பெண்சாதி இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். இனி ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிதான் கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும். நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. தித்திப்பு ஆகவே ஆகாது. சாப்பிட்டதும் சற்று நேரம் படுக்க வேண்டும். உடம்பு இன்னும் வடியும், பிறகு ஒரு இடத்தில் நிற்கும். அதற்காக அழுதுகொண்டிருக்க வேண்டாம், தைத்த இடம் நன்றாக ஆறும்வரை தறிப் பக்கம் போகவும் வேண்டாம்.

உமாபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் மனம் முழுக்க வீட்டுத் தறியில் பாதியில் நின்றுபோன புடவையின் மேல்தான் இருந்தது.

அரக்கு உடல், பச்சைக் கரை, இரண்டையும் தனித்தனி இழையால் நெய்து ஒன்றோடொன்று கோக்கும் கோர்வைப் புடவை. பட்டு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி கலியாணசுந்தரத்தின் மகள் கலாவதிக்குத் தையில் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவை அது. ஊரில் எத்தனையோ தறி இருக்க, உமாபதியின் தறியில்தான் நெய்ய வேண்டும் என்று அவர் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊடை இழையை ஓட்டிவிட்டுப் பலகையை இழுத்துத் தட்டுவதில்தான் துணியின் நெருக்கம் இருக்கிறது. உமாபதி தட்டினால் முதல் முழமும் கடைசி முழமும் ஒரே நெருக்கமாக இருக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்து வீட்டுப் பரசுராமனை வைத்து மீதியை முடிக்கலாமா என்று முதலாளி கேட்டனுப்பினார். உமாபதி கட்டிலில் படுத்தபடியே கூடாது என்றார். தறியைத் துணி போட்டு மூடச் சொன்னார். வேறு கை பட்டால் அந்த இடத்தில் கோடு விழும். கட்டுகிறவளுக்குத் தெரியாவிட்டாலும் நெய்கிறவன் எவன் பார்த்தாலும் தெரியும். பரசுராமனும், பங்காளி சொல்லாமல் அந்தக் குழியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி ஒரு கெடு வைத்தார். கார்த்திகை தீபம் வரை பார்ப்பது. அதற்குள் உமாபதி தறியில் உட்காராவிட்டால் புடவையைப் பரசுராமன் முடிப்பார், அடுத்த புடவைக்கான பாவும் அவருக்கே போகும். முடியாத ஆளை நம்பி எத்தனை நாள் தறியைச் சும்மா வைத்திருப்பது என்று அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஒரு தடவை கை மாறிய பாவு திரும்பி வராது என்பது உமாபதிக்குத் தெரியும்.

புரட்டாசி முழுக்க வீட்டிலேயே நடை பழகினார். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது. தையல்நாயகி அதில் முடிச்சுப் போட்டுப் போட்டுக் கடைசியில் பாதியை வெட்டியே எறிந்தாள். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, உள்ளே கிடப்பது யார் என்று கண்ணால் தேடினார்கள். சிலர் சர்க்கரை வியாதி என்றார்கள். சிலர் மார்புச் சளி, ஒட்டிக்கொள்ளும் என்று முடிவு கட்டி, தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அவருடைய அக்கா காமாட்சியம்மாள் தம்பியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உடம்பைத் தேற்றாமல் விடுவதில்லை என்று மறு வாரமே தன் வீட்டுக்கு அழைத்தாள். நெய் மிதக்கும் பால் பாயசம் வைத்திருந்தாள். தித்திப்பு கூடாது என்று தையல்நாயகி சொன்னதற்கு, பட்டணத்து டாக்டருக்கு நம் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று டம்ளரை நீட்டினாள். அக்கா கண்ணில் மறுபடியும் நீர் கட்டுவதைப் பார்த்து உமாபதி வாங்கிக் குடித்துவிட்டார். அக்காவின் சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் பகலில் போய்ப் படுப்பதாவது என்று அவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முதுகெல்லாம் வியர்வை. கூடம் சுற்றியது. எழுந்து நிற்கப் பார்த்தவர் தூணோடு சரிந்து விழுந்தார். காமாட்சியம்மாள் கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றினாள். தையல்நாயகி அவரை அங்கேயே கிடத்தி, சம்பந்திகளைப் பார்த்து, "ஒண்ணுமில்லமா, அவரு வவுறு இப்ப கைக்கொழந்தை வவுறு. அதுக்குப் போய் பந்தி வச்சிட்டோம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அன்றோடு உமாபதி ஒரு முடிவுக்கு வந்தார். இனி யார் அழுதாலும், யார் கோபித்துக்கொண்டாலும், டாக்டர் சொன்னதுதான். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். காலையில் கால் இட்லி. அதை மென்று முடிக்கப் பொழுதாகும். பிறகு கேழ்வரகுக் கஞ்சி, பிறகு குழைய வேகவைத்த பாசிப்பயறு, மத்தியானம் ஒரு கைப்பிடி மோர்ச்சோறு. பசி வந்துதான் தின்ன வேண்டும் என்ற பழக்கத்தையும் விட்டார். பசி எடுக்கவே இல்லை, ஆனாலும் தின்றார்.

ஐப்பசி மழை விட்டு, கார்த்திகை பிறந்த பின் ஒரு நல்ல நாளில் தறிமேல் கிடந்த துணியை எடுத்தார். ஊதுவத்தி கொளுத்தினார். குழியில் காலை இறக்கி மிதியைத் தொட்டபோது உள்ளங்கால் அந்தக் கட்டையை அடையாளம் கண்டுகொண்டது. கோர்வைக் கரைக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை இழை சுற்றிய நாடாவை வாங்கிப் போடுவது எப்போதும் தையல்நாயகிதான். அவள் உட்கார்ந்தாள். மிதித்தார், நாடாவை ஓட்டினார், பலகையை இழுத்துத் தட்டினார். நெய்கிற சத்தம் வீட்டில் மறுபடியும் எழுந்தது. கண்ணில் நீர் வந்ததைத் துடைக்காமல் தொடர்ந்து நெய்தார். அரை முழம் போல ஓடியிருக்கும்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் பரசுராமனின் தறி நின்றது. அவர் குரல் கேட்டது.

"அண்ணி, தறியில யாரை உக்கார வச்சிக்கினு இருக்கீங்க? மொதலாளி ஆள் அனுப்பிட்டாரா?"

தையல்நாயகியின் கை கரை நாடாவோடு அப்படியே நின்றது. உமாபதியின் கால் மிதியில் நின்றது.

அந்தத் தெருவில் யார் தறி ஓடுகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சத்தமே சொல்லும். ஒருவர் தட்டல் இரட்டையாக விழும், ஒருவருடையது இழுத்து விழும். உமாபதியின் தட்டல் 'தொம்' என்று நிலத்தில் இறங்குவது போல விழும் என்பார்கள். சுவரை ஒட்டி இருபது வருஷம் நெய்தவர் பரசுராமன். அவர் காது தப்பாகாது.

"அவருதான்பா நெய்யறாரு" என்றாள் தையல்நாயகி, சுவரைப் பார்த்து.

அந்தப் பக்கத்திலிருந்து "அட, பங்காளியா" என்று மட்டும் கேட்டது. பரசுராமனின் தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது, வழக்கத்தைவிட வேகமாக.

உமாபதி குழியிலிருந்து ஏறினார். நெய்த துணியை முற்றத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஆவணியில் நெய்தது அரக்குக் கல் போல வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இன்று நெய்தது அப்படியில்லை. இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது போலத் தெரிந்தது. அதற்கு மேல் அரை முழமும் ஒரு சாயல் வெளுத்திருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"மொத தட்டுலயே."

"ஏன் சொல்லல?"

"தறிக்கு வந்துட்டீங்களேன்னு இருந்துது."

உமாபதி தறியையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற கை படக்கூடாதுன்னு நான்தான் அடம் புடிச்சேன். இப்ப பாரு, என் கையே வேற கையா வந்து உக்காந்துக்கினு இருக்குது."

அவள் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டுப் படுத்தார். எழுந்ததும் ஊசியும் கத்தரியும் கேட்டார். அன்று மத்தியானமும் மறுநாளும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த அரை முழத்தை இழை இழையாகப் பிரித்தார்கள். பட்டு பிசிர் விடாமல், ஜரிகை முறியாமல், கோர்வையில் கண்ணி நழுவாமல் பிரிப்பது நெய்வதைவிடக் கடினம். இந்த ஊரில் நெய்ததைப் பிரிப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. தெருக்கதவைத் தாழிடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, திறந்தே இருக்கட்டும் என்றார்.

பிரித்துக்கொண்டே யோசித்தார். பழைய நாளில் அவர் கையால் மட்டும் தட்டவில்லை. நெய்த துணி சுற்றும் படமரம் வயிற்றில் அழுந்தியிருக்கும். பலகையை இழுக்கும்போது உடம்பு முழுதும் பின்னால் சாயும். அந்தக் கனம்தான் இழையைப் போய் அடித்தது. இப்போது படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை போகும் இடைவெளி. இன்னொன்றும் பிடிபட்டது. தையல் போட்ட தழும்பு சரியாகப் படமரத்தின் உயரத்தில் இருந்தது. மரம் அதில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு தட்டலிலும் தனக்கே தெரியாமல் உடம்பைப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

கொடியில் அவருடைய பழைய சட்டைகள் தொங்கின. பிடித்துத் தைத்துத் தருவதாகத் தையல்நாயகி எடுத்து வைத்திருந்தாள். அதில் பெரியதாக ஒன்றை எடுத்துப் பல மடிப்பாக மடித்து வயிற்றுக்கும் படமரத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார். உட்காரும் இடம் இத்தனை வருஷத்தில் அவர் பழைய உடம்புக்குத் தக்கபடி பள்ளமாகியிருந்தது. இப்போது அதில் உட்கார்ந்தால் கை மேல்நோக்கிப் போயிற்று. ஒரு பலகைத் துண்டைப் போட்டு உயர்த்தினார். பயம் போயிற்று, கை நேராயிற்று, கனம் மட்டும் வரவில்லை.

தட்டும் பலகைக்குக் கனம் கட்டுவது என்று தீர்மானித்தார். முதலில் அம்மிக்குழவியை நடுவில் வைத்துக் கட்டிப் பார்த்தார். நடுப்பாகம் நெருங்கி ஓரம் தளர்ந்தது. அதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. கனம் பலகையின் நீளம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டே வாசலில் நின்றபோது சிட்டிபாபுவின் ஜட்கா தெருவில் வந்தது. உமாபதியின் கண் சக்கரத்தில் அடித்திருந்த இரும்புப் பட்டையின் மேல் நின்றது.

தேய்ந்து கழற்றிப் போட்ட பழைய பட்டை ஏதாவது உண்டா என்று கேட்டார். சிட்டிபாபு எதற்கென்று கேட்டார். உமாபதி சொன்னார். சிட்டிபாபு கடிவாளத்தை விட்டுவிட்டு, ரயிலடியில் சிரிக்காத சிரிப்பையும் சேர்த்து அன்றுதான் சிரித்தார். "என் வண்டியைச் சாய்ச்ச கனத்தை என் வண்டியிலேர்ந்தே திருப்பிக் கேக்கறீங்களா?" என்றார். சாயங்காலமே பட்டையைக் கொல்லன் பட்டறையில் நேராக்கி, அளவாக வெட்டி, தோளில் சுமந்து வந்து போட்டார்.

பலகையின் மேல்முதுகில் அதை வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். கூரையிலிருந்து தொங்கும் பலகை இப்போது தானாகவே கனத்தோடு வந்து விழுந்தது. கை அதை வழிகாட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்பத் தள்ளுவதில்தான் தோள் கடுத்தது. காலையில் சரியாக இருந்த தட்டல் போகப் போகத் தளர்ந்தது. சாப்பிட்ட உடனே நெய்தால் படபடப்பு. வயிறு காலியாக நெய்தால் கை நடுக்கம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் அவர் கை அவர் கையாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தக்கபடி நாளை வெட்டிக்கொள்வதென்று முடிவு செய்தார். ஒரு சாண் நெய்வது, எழுந்து ஒரு டம்ளர் கஞ்சியோ பயறோ சாப்பிடுவது, தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பது, எழுந்து அடுத்த சாண். முன்பெல்லாம் பொழுது பார்த்துச் சாப்பிடுவார்கள் அந்த வீட்டில். இப்போது துணியை அளந்து சாப்பிட்டார். இன்னும் ஒரு நாலு இழை ஓட்டிவிடலாமே என்று ஆசை வரும். தையல்நாயகி நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் இல்லாமல் கரை ஓடாது.

தீபத்தன்று முதலாளியின் ஆள் வந்து எட்டிப் பார்த்து, தறி ஓடுகிறது என்று போய்ச் சொன்னான். பரசுராமன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மார்கழியில் ஒரு காலை, எதிர்வீட்டுக்காரரிடம் அவர் ஏதோ பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. நடுவில், "இரு, பங்காளி தறி நின்னுட்டுது. கஞ்சி வேளை போல" என்றார். உமாபதி பாயில் படுத்தபடியே அதைக் கேட்டார்.

புடவை முடிந்தது. தறியிலிருந்து புடவையை அறுக்கும் நாளில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்து, முதல் கவளத்தை நெய்தவர் வாயில் போடுவது அந்த வீட்டு வழக்கம். காமாட்சியம்மாள் வெல்லம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தையல்நாயகி அதை வாங்கி மேல் பலகையில் வைத்துவிட்டு, வெண்பொங்கல் வைத்தாள். தறிக்கு உப்புப் பொங்கலா என்று காமாட்சியம்மாள் தாடையில் கைவைத்தாள். "தறி இன்னாத்தை வேணா துன்னும். இவரு துன்னணும் இல்ல?" என்றாள் தையல்நாயகி. காமாட்சியம்மாள் தம்பியின் தழும்பு இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அப்புறம் தானே உட்கார்ந்து மிளகைப் பொறுக்கி எடுத்தாள், தம்பிக்கு உறைக்குமே என்று.

கலியாணசுந்தரம் வந்தார். புடவையை முற்றத்துக்கு எடுத்துப் போய், இரண்டு பேரை இரண்டு முனையில் பிடிக்கச் சொல்லி, வெளிச்சத்துக்கு எதிரில் நின்றார். முந்தியிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாக வந்தார். கண்ணால் பார்த்துவிட்டு விரல் நுனியால் தடவினார். பரசுராமன் வாசற்படியில் நின்றிருந்தார். உமாபதி தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளியின் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்கதானே உமாபதி வுட்டுட்டுப் போனே?"

உமாபதி எட்டிப் பார்த்தார். "இல்லைங்க."

விரல் ஒரு முழம் தள்ளிப் போயிற்று. "அப்ப இது."

"அதுவும் இல்லைங்க."

முதலாளி இன்னும் கொஞ்சம் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, பரசுராமனைத் திரும்பிப் பார்த்தார். பரசுராமன் வந்து, துணியைத் தொடாமல் குனிந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் அவர் நடை சற்றே தயங்கியது போல் உமாபதிக்குப் பட்டது. அது சரியான இடம்தான். பரசுராமன் நிமிர்ந்து, "ஒரே கைங்க" என்றார்.

"பாவு வெள்ளிக்கிழமை வரும்" என்றார் முதலாளி. கல்யாணத்துக்குப் புருஷனும் பெண்சாதியும் முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டது போல நிறுத்தினார்.

"வரேங்க" என்றார் உமாபதி. "எல்லாருக்கும் முன்னாடி உக்காந்து எல்லாருக்கும் கடைசியா எழுந்திருப்பேன். ஒரு கைப்பிடியை அவ்ளோ நேரம் மெல்லணும்."

முதலாளி சிரித்தார். தையல்நாயகி வெண்பொங்கலில் ஒரு சின்ன உருண்டையை எடுத்துப் புருஷன் வாயில் போட்டாள். அவர் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். முற்றத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதலாளி தூணோரம் பலகையில் உட்கார்ந்து, காமாட்சியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அந்தத் தெருவில் எந்த நெசவாளியும் உட்கார்ந்ததுகூட இல்லை.

உமாபதி பொங்கலை முழுங்கிவிட்டு, தறிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்தார்.

"கொஞ்சம் படுக்கணுங்க" என்று சொல்லிவிட்டு, முதலாளியின் எதிரிலேயே காலை நீட்டிப் படுத்தார்.